சூடான தொட்டியா, சூடேறிய சரக்கா?

கப்பலில் ஏற்றிச் சென்ற சோயா மொச்சை துறைமுகத்தில் திறந்து பார்க்கும்போது கறுத்துக் கிடக்கிறது. அல்லது இரசாயனப் பொருள் ஒன்று நடுக்கடலில் தானே தீப்பற்றி வெடிக்கிறது. உடனே வழக்கு எழுகிறது. "உம்முடைய கப்பலில் எரியெண்ணெய்த் தொட்டியைச் சூடாக்கினீர், அந்தச் சூடுதான் என் சரக்கைக் கெடுத்தது" என்கிறார் சரக்குக்காரர். "உம்முடைய சரக்கே கெட்ட சரக்கு, அது தானாகவே சூடேறிற்று" என்கிறார் கப்பல்காரர். இருவரும் நிபுணர்களை அழைத்து வருகின்றனர். கோடிக்கணக்கான பணம் எந்தப் பக்கம் போகும் என்பதை இறுதியில் வெப்பவியலின் இரண்டு மூன்று எளிய விதிகள் முடிவு செய்கின்றன. அல்லது முடிவு செய்திருக்க வேண்டும்.

கடற்கரை ரெயில் நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் துறைமுகம். தாம்பரத்திலிருந்து மின்சார ரெயிலில் ஒரு மணி நேரப் பயணம். ஆயினும் கப்பலுக்குள் நிகழ்வது நமக்கு வெகு தொலைவு என்றே எண்ணுகிறோம். 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' எரிந்தபோதும், 2025 ஜூனில் கேரளக் கடற்கரைக்கு அப்பால் 'வான் ஹாய் 503' எரிந்தபோதும் அந்த எண்ணம் சற்றே ஆட்டம் கண்டது. இக்கட்டுரை அந்த இரு விபத்துகளைப் பற்றியதன்று. சூடாக்கப்பட்ட எண்ணெய்த் தொட்டியின் மீது குற்றம் சாட்டப்பட்ட வேறு சில வழக்குகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் பேசப்பட்ட இயற்பியல் எவ்வளவு தூரம் நிற்கிறது என்று பார்ப்பதே நோக்கம். சட்டம் என் துறையன்று. எனவே தீர்ப்பு நியாயமா என்பதை விட்டுவிட்டு, காரணம் காட்டிய முறை சரியா என்பதை மட்டும் நாம் நோக்குவோம்.

எண்ணெயை ஏன் காய்ச்ச வேண்டும்?

மார்கழி மாதக் காலையில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு வராது. சிறிது நேரம் வெயிலில் வைத்தால் இளகிவிடும். பெரிய கப்பல்கள் எரிக்கும் கனரக எண்ணெயும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாவற்றையும் பிரித்தெடுத்தபின் அடியில் தங்கும் கசடு அது. சாலை போடும் தாருக்குத் தம்பி முறை. 50° செ. வெப்பநிலையிலேயே அதன் பாகுநிலை தண்ணீரைப்போல் பல நூறு மடங்கு. குளிர்ந்தால் பம்பு இழுக்காது. ஆகவே சேமிப்புத் தொட்டிகளில் நீராவிக் குழாய்ச் சுருள்களைச் செலுத்தி, ஏறத்தாழ 40° முதல் 50° வரை வைத்திருப்பர். எஞ்சினுக்கு அருகிலுள்ள தொட்டிகளில் இதைவிடக் கூடுதலாக இருக்கும். 2020 ஜனவரி முதல் கந்தகம் குறைந்த எண்ணெயையே எரிக்க வேண்டும் என்ற உலக விதி வந்தது. புதிய கலவைகளில் பலவற்றில் மெழுகு மிகுதி. எனவே சூடாக்கும் வேலை ஒழிந்துவிடவில்லை.

இந்தத் தொட்டிகள் சரக்கறையின் அடியிலும் பக்கங்களிலும் அமைந்திருக்கும். எண்ணெய்க்கும் சரக்குக்கும் இடையே பல கப்பல்களில் ஒரே ஓர் எஃகுத் தகடுதான். அதன் கனம் நம் விரல் அளவு. எஃகு வெப்பத்தை நன்கு கடத்துவதாகையால், எண்ணெய் 50° என்றால் தகட்டின் சரக்குப் பக்கமும் ஏறக்குறைய 50° என்று கொள்ளலாம். இதுவரை சரக்குக்காரர் கட்சி வலுவாகவே இருக்கிறது.

ஒரு மாதத்தில் அரை மீட்டர்

அடுத்த கேள்வி, தகட்டிலிருந்து கிளம்பும் வெப்பம் சரக்குக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பது. இங்கேதான் பல வாதங்கள் வழுக்கி விழுகின்றன.

வெப்பம் ஒரு பொருளுக்குள் பரவும்போது, அது சென்ற தூரத்தின் வர்க்கம் காலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு காலம் வேண்டும். இந்த விகிதத்தை நிர்ணயிக்கும் எண் தானியக் குவியலுக்கு ஏறத்தாழ விநாடிக்கு ஒரு சதுர மீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு. எஃகுக்கு இதைப்போல் நூறு மடங்குக்கு மேல். தானிய மணிகளுக்கு இடையே அடைபட்ட காற்றுதான் இந்தச் சோம்பலுக்குக் காரணம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். ஒரு கோடியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 9 செ.மீ. சொச்சம் வரும். 30 நாளுக்கு 51 செ.மீ. பிரேசிலிலிருந்து சீனாவுக்குச் சோயா ஏற்றிச் செல்லும் கப்பலுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றாலும், இந்த எண் பெரிதாக மாறிவிடாது.

இன்னும் துல்லியமாகச் சொல்ல வேண்டுமானால், சரக்கு 26° ஆகவும் தகடு 50° ஆகவும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் கழித்து, தகட்டிலிருந்து அரை மீட்டரில் சரக்கு 38° அளவில் இருக்கும். ஒரு மீட்டரில் 30°. இரண்டு மீட்டருக்கு அப்பால் வெப்பமானி எதையும் காட்டாது. பல்லாவரம், திரிசூலம் பக்கத்து மலைகளில் கல் உடைத்தவர்கள் இதை வேறு வகையில் அறிவர். சித்திரை வெயிலில் பாறையின் மேற்பரப்பில் கால் வைக்க முடியாது. ஒரு முழம் ஆழத்தில் கல் குளிர்ந்தே இருக்கும்.

மாணவ நண்பர்கள் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பெரிய தகர டின்னில் அரிசியை நிரப்பிப் பழைய கம்பளியால் சுற்றுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் திறந்து விட்டு, அதை ஒட்டி வெந்நீர்ப் பாத்திரத்தை வையுங்கள். அரை மணிக்கு ஒரு முறை வெந்நீரை மாற்ற ஒரு தம்பியோ தங்கையோ வேண்டும். சுவரிலிருந்து 2 செ.மீ. தள்ளிச் செருகிய வெப்பமானி, மொத்த உயர்வில் பாதியைக் காட்ட ஒரு மணி நேரம் போல ஆகும். 4 செ.மீ. தள்ளிச் செருகியதற்கு நாலரை மணி நேரம் ஆகும். தூரம் இரட்டித்தது; காலம் நான்கு மடங்காயிற்று. தம்பி அதற்குள் ஓடிவிடுவான்.

இக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கைப் பார்த்தால் எவ்வளவோ தெளிவாகிறது. கெட்டுப்போன மொச்சை, தொட்டிச் சுவரை ஒட்டி ஒரு முழம், இரு முழ அகலத்துக்குப் பட்டையாக இருந்தால் தொட்டியே குற்றவாளி. அப்போது "ஈரப்பதம்தான் காரணம்" என்று கப்பல்காரர் சொல்வது எடுபடாது. மாறாக, சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளிக் குவியலின் நடுவில் கறுத்திருந்தால், வெப்பம் அங்கே நடந்து போக நேரமே இல்லை. இரண்டாவதாக, ஒரு பொருள் தன்னைவிடச் சூடான ஒன்றைச் சூடாக்காது. தொட்டி ஒருநாளும் 50° ஐத் தாண்டவில்லை என்று பதிவேடு சொல்ல, சரக்கு 65° காட்டினால், மீதிச் சூடு சரக்கின் உள்ளிருந்தே வந்தது. இவ்வளவு எளிய சோதனையைச் செய்யாமல், "தொட்டி சூடாயிருந்தது, சரக்கு கெட்டது, ஆகவே" என்று எழுதும் அறிக்கைகள் காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையையே விரித்து எழுதுகின்றன.

ஆனால் எச்சரிக்கை ஒன்று. வெப்பம் மட்டும்தான் மெல்ல நடக்கும். ஈரம் காற்றோடு ஏறி வேகமாகவே போகும். சூடான சுவரை ஒட்டிய மணிகள் ஈரத்தை விடும். அந்த ஈரக் காற்று மேலெழுந்து குளிர்ந்த மேற்பரப்பில் படியும். அங்கே பூஞ்சை பிடிக்கும். ஆகவே சுவரிலிருந்து விலகிய மேலடுக்கில் சேதம் கண்டால் தொட்டியை முற்றிலும் விடுவித்துவிடவும் கூடாது.

தானியம் தானாகச் சூடேறுமா என்று கேட்பவர்கள், ஈரம் காயாமல் போட்ட வைக்கோல் போருக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களைக் கேட்கட்டும். பூஞ்சைகள் மூச்சு விடும்போது வெப்பம் வெளிப்படுகிறது. போர் பெரிதாக இருந்தால் அது வெளியேற வழியில்லை. இந்தோனேசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சோயா மொச்சை ஒன்று சூடேறிக் கெட்ட வழக்கு 1983-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை வரை சென்றது. ஈரப்பதம் 12 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் மொச்சை சூடேறாது. 14-க்கு மேல் இருந்தால் கட்டாயம் சூடேறும். இடையில் இருந்தால் இரண்டும் நடக்கலாம் என்பது அவ்வழக்கில் ஏற்கப்பட்ட சாட்சியம். அந்த வழக்கின் மொச்சை இருந்ததோ அந்த இடைவெளியில்! எப்படியும் நடக்கலாம் என்ற நிலையில் ஒரு சிறு தூண்டுதல் எவ்வளவு செய்யும் என்பதே இனி வரும் பெரிய கேள்வி.

'அக்கான்காகுவா' வெடித்த கதை

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்தபின் முடிச்சூர், வரதராசபுரம் தெருக்களில் வெள்ளை வெள்ளையாகத் தூவப்பட்ட சலவைத்தூளை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிளீச்சிங் பவுடர் என்றால்தான் கடையில் கொடுப்பார்கள். அதில் பயன்தரும் குளோரின் மூன்றில் ஒரு பங்கு. அதன் வலிமை மிக்க அண்ணன் கால்சியம் ஹைப்போகுளோரைட். அதில் மூன்றில் இரண்டு பங்கு. நீச்சல் குளங்களுக்கும் குடிநீருக்கும் உலகெங்கும் இது கப்பலில் போகிறது. இது மெதுவாகச் சிதையும்போது வெப்பமும் ஆக்சிஜனும் வெளிவரும். தீ எரியத் தேவையான ஆக்சிஜனைத் தானே தருவதால், சரக்கறையைக் கரியமில வாயுவால் நிரப்பினாலும் தீ அணையாது. மேலே சொன்ன அரிசிச் சோதனையை இந்தத் தூளை வைத்து எவரும் செய்ய வேண்டாம்.

1998-இல் 'அக்கான்காகுவா' என்ற கன்டெய்னர் கப்பல் தென் கொரியாவின் பூசானில் இப்பொருள் நிறைந்த ஒரு கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு சிலி நாட்டை நோக்கிப் போயிற்று. டிசம்பர் 30 அன்று அந்தக் கன்டெய்னர் வெடித்தது. அது வைக்கப்பட்டிருந்த இடம் மூன்றாம் சரக்கறை. அதன் மூன்று பக்கங்களிலும் எரியெண்ணெய்த் தொட்டி சூழ்ந்திருந்தது. பயணத்தின்போது அத்தொட்டி சூடாக்கவும் பட்டது. கப்பலை வாடகைக்கு எடுத்திருந்த சிலி நாட்டுக் கம்பெனி, கப்பல் உடைமையாளருக்கு இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் கொடுத்துத் தீர்த்துவிட்டு, அத்தொகையைச் சரக்கை அனுப்பிய சீன நிறுவனத்திடம் கேட்டது. 2009-இல் லண்டன் வணிக நீதிமன்றம் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

நீதிமன்றம் தொட்டியைக் கவனிக்காமல் விடவில்லை. இயல்பான கால்சியம் ஹைப்போகுளோரைட் அந்தத் தொட்டிச் சூட்டில் வெடித்திருக்காது, இது வெடித்தது, ஆகவே இது இயல்புக்கு மாறான சரக்கு. இதுவே தீர்ப்பின் சாரம். தொட்டியைச் சூடாக்கியது தவறு என்றாலும், அது கப்பலை நடத்தும் நிர்வாகத்தில் நேர்ந்த தவறு. 1924-இல் உருவான ஹேக் விதிகள் அத்தகைய தவறுக்குக் கப்பல்காரரைப் பொறுப்பாக்குவதில்லை. (நம் நாட்டின் 1925-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்தில் 2025-இல் இயற்றப்பட்ட சட்டமும் அதே விதிகளின் வழிவந்தவையே.)

நீதிபதி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "தொட்டி சூடாயிருந்ததா?" என்று நிற்காமல், "அந்தச் சூடு போதுமா?" என்று கேட்டார். பல அறிக்கைகள் இந்தப் படியைக்கூட ஏறுவதில்லை. ஆனால் விடையிலிருக்கும் 'இயல்பான சரக்கு' என்ற சொல்லைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. ஏன் என்று சொல்ல, செமனோவ் என்ற ரஷ்ய அறிஞரிடம் போக வேண்டும்.

1956-இல் வேதியியலுக்கான நோபல் பரிசை ஹின்ஷல்வுட்டோடு பகிர்ந்துகொண்ட நிக்கலாய் செமனோவ், வெப்ப வெடிப்புக்கு ஓர் எளிய விளக்கம் தந்தார். தானாகச் சூடேறும் பொருளில் வெப்பம் உண்டாகும் வேகம், வெப்பநிலை 10° ஏறினால் ஏறத்தாழ இரு மடங்காகும். ஆனால் வெளியேறும் வேகம் வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏற்ப நேர்க்கோட்டில்தான் கூடும். குறைந்த வெப்பநிலையில் செலவு வரவை ஈடு கட்டும். பொருள் அமைதியாக இருக்கும். சுற்றுப்புறம் ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் வரவை ஈடு கட்டவே முடியாது. பிறகு வெப்பம் வெப்பத்தை வளர்க்கும். அவருடைய வழியில் வந்த ஃபிராங்க்-காமெனெட்ஸ்கி, இந்த எல்லை பொருளின் அளவைப் பொறுத்து மாறும் என்று கணக்கிட்டுக் காட்டினார்.

டம்ளர் காப்பி பத்து நிமிடத்தில் ஆறிவிடும். கல்யாண வீட்டில் அண்டா நிறைய வடித்த சோறு பந்தி முடியும்வரை சுடும். ஒரு பெட்டியின் பக்கத்தை இரட்டித்தால் அதன் கன அளவு எட்டு மடங்காகும். வெளிப்பரப்போ நான்கு மடங்குதான். வெப்பம் உண்டாவது கன அளவில், வெளியேறுவது பரப்பில். எனவே ஒரு வாளித் தூளுக்குப் பாதுகாப்பான வெப்பநிலை, வாளிகளை நெருக்கி அடுக்கிய ஒரு கன்டெய்னருக்குப் பாதுகாப்பானதன்று. ஆய்வுக்கூடத்தில் ஒரு கிண்ணம் தூளை வைத்து 'இது இத்தனை பாகை வரை தாங்கும்' என்று எழுதிய எண்ணைக் கப்பலுக்குப் பொருத்துவது, டம்ளரைப் பார்த்து அண்டாவைக் கணிப்பதாகும்.

இதிலிருந்து, 'இயல்பான சரக்கின் எல்லை' என்று ஒரே எண் கிடையாது என்பது விளங்கும். எந்த அளவில், எத்தனை நெருக்கத்தில், எத்தனை நாள் என்று சேர்த்துச் சொன்னால்தான் அந்த எல்லைக்குப் பொருள் உண்டு. தொட்டி இதில் இரு வகையில் நுழைகிறது. ஒன்று, சுற்றுப்புற வெப்பநிலையை உயர்த்துகிறது. மற்றது, வாதங்களில் பெரும்பாலும் மறக்கப்படுவது: மூன்று பக்கங்களிலும் சூடான சுவர் இருந்தால், உள்ளே உண்டாகும் வெப்பம் வெளியேறும் வழிகளை அது அடைத்துவிடுகிறது. தொட்டி சரக்கைச் 'சூடாக்க' வேண்டியதே இல்லை. ஆறவிடாமல் தடுத்தாலே போதும். தானியத்துக்குச் சொன்ன "அரை மீட்டர்" விடுதலை இங்கே தொட்டிக்குக் கிடைக்காது.

இன்னொன்று. அதே 1998-இல், நவம்பர் மாதம், பிரேசில் கடற்கரைக்கு அப்பால் 'டி.ஜி. ஹார்மனி' என்ற கப்பல் எரிந்தது. அங்கேயும் கால்சியம் ஹைப்போகுளோரைட்தான். நியூயார்க் நீதிமன்றம் 2005-இல் தீயின் மூலம் அப்பொருளே என்று கண்டது. பெரிய பீப்பாய்களில் அடைத்துக் கன்டெய்னரில் நெருக்கமாக அடுக்கிய முறையால், தீப்பற்றும் எல்லை மிகவும் தாழ்ந்துவிட்டது என்பது அங்கே மையமான விஷயம். (அத்தீர்ப்பின் சட்டப் பகுதி 2008-இல் மேல்முறையீட்டில் மாற்றம் பெற்றது.) இரண்டு மாதத்துக்குள் இரண்டு கப்பல்கள், ஒரே பொருள். ஒரு நீதிமன்றம் 'முரட்டுச் சரக்கு' என்கிறது. மற்றொன்று அடைத்த முறையைப் பார்க்கிறது. அந்த ஆண்டுகளில் இப்பொருளால் எரிந்த கப்பல்கள் இவ்விரண்டு மட்டுமல்ல. ஒரு வகுப்பில் ஒரு மாணவன் தேறாவிட்டால் மாணவனைக் குறை சொல்லலாம். பல பேர் தேறாவிட்டால் கேள்வித்தாளைப் பார்க்க வேண்டாமா? ஒவ்வொரு முறையும் தற்செயலாகக் கெட்ட சரக்கு வந்தது என்பதைவிட, 'இயல்பான' சரக்கின் எல்லையே நாம் நினைத்ததைவிடத் தாழ்ந்தது என்பதே எளிய விளக்கமாக எனக்குப் படுகிறது.

அப்படியானால் 'அக்கான்காகுவா'வில் காரணம் எது? தொட்டியைச் சூடாக்காமல் இருந்திருந்தால் வெடித்திருக்குமா என்று ஒரு முறையும், தூள் நல்லதாக இருந்திருந்தால் வெடித்திருக்குமா என்று ஒரு முறையும் கேளுங்கள். இரண்டுக்கும் 'இல்லை' என்பது விடையானால் இரண்டுமே காரணம். எல்லையைத் தாண்டும் நிகழ்ச்சிகளில் இது சாதாரணம். வழக்கிலோ பணத்தை யாரேனும் ஒருவர் கொடுத்தாக வேண்டும். ஆகவே சட்டம் ஒரு காரணத்தின் மேல் பாரத்தை இறக்கி வைக்கிறது. அது அதன் தொழில். ஆனால் தீர்ப்பைப் படித்துவிட்டு "சூடான தொட்டியால் கேடில்லை என்று நிரூபணமாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் அதை ஒப்புக்கொள்ள முடியாது.

கப்பலுக்கு முன்பே தொடங்கிய சூடு

2012 ஜூலை 14 அன்று அட்லாண்டிக் பெருங்கடலில் 'எம்.எஸ்.சி. ஃபிளாமினியா' வெடித்தது. மாலுமிகள் மூவர் உயிரிழந்தனர். வெடித்தது டைவினைல்பென்சீன் என்ற திரவம். அது சூடேறினால் மூலக்கூறுகள் தாமாகவே கோத்துக்கொண்டு பிளாஸ்டிக்காக மாறத் தொடங்கும். அப்போது வெப்பம் வெளிப்படும். இதைத் தடுக்க ஒரு தடைப்பொருளைக் கலந்து அனுப்புவர். சூடு கூடினால் அது விரைவில் தீர்ந்துவிடும். இவ்வழக்கிலும் சரக்கறைக்குள் இருந்த வெப்பம் பேசப்பட்டது. பக்கத்தில் சூடான நிலையில் ஏற்றப்பட்ட வேறொரு இரசாயனத் தொட்டிகளும் இருந்தன. ஆனால் 2018-இல் தீர்ப்பளித்த நியூயார்க் நீதிமன்றம் கதையைக் கப்பலில் தொடங்கவில்லை. அத்தொட்டிகள் நியூ ஆர்லியன்ஸ் துறைமுக முற்றத்தில் கோடை வெயிலில் ஏறத்தாழ பத்து நாள் நின்றதிலிருந்து தொடங்கிற்று. யார் எவ்வளவு பொறுப்பு என்ற பங்கீடு 2023-இல் மேல்முறையீட்டில் மாறியது. அது நமக்கு வேண்டியதில்லை. பொருளின் வெப்ப வரலாறு முழுவதையும் கணக்கில் எடுத்த முறையே நமக்கு வேண்டியது. நான் படித்த மூன்றில் இயற்பியலுக்கு மிக நெருங்கிய காரணம் காட்டல் இதுவே.

வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையோரம் கத்திரி வெயிலில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த இரும்புப் பெட்டியின் கூரையை நண்பகலில் கையால் தொட முடியாது. நடுக்கடலில் 45° எண்ணெய்த் தொட்டிக்கு அஞ்சும் நாம் இந்தக் கூரைக்கு அஞ்ச மறந்துவிடுகிறோம்.

விதி என்ன சொல்கிறது?

ஆபத்தான சரக்குகளுக்கான பன்னாட்டுக் கடல் விதிநூலில் 'வெப்ப மூலங்களிலிருந்து காத்தல்' என்பதற்கு எண்களோடு விளக்கம் இருக்கிறது. மேற்பரப்பு வெப்பநிலை 55° ஐத் தாண்டக்கூடிய கப்பல் பகுதிகளிலிருந்து குறைந்தது 2.4 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். சூடாக்கப்பட்ட எண்ணெய்த் தொட்டியின் சுவரும் உதாரணமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. மாலுமிக்கு உடனடியாகப் பயன்படும் தெளிவான விதி. அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் 54° சுவரை ஒட்டி ஒரு மாதம் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதில் விடையில்லை. செமனோவின் கணக்கில் வெப்பநிலையோடு அளவும் காலமும் உண்டு. விதியில் வெப்பநிலையும் தூரமும் மட்டுமே உண்டு. கருகாத மரப்பலகைகளுக்கு 55° மிகையான எச்சரிக்கை. பெரிய குவியலாக அடைத்த ஹைப்போகுளோரைட்டுக்கு அது போதாத எச்சரிக்கை.

நல்ல வேளையாக, இப்பொருளுக்கு விதிநூல் இன்று இந்த ஒரு வரியோடு நிற்கவில்லை. சரக்குக் கப்பலில் இதை மேல்தளத்தில் மட்டுமே வைக்க வேண்டும். நேர் வெயில் படாமல் நிழலில் இருக்க வேண்டும். வாளிகளுக்கு இடையே காற்று உலவும்படி அடுக்க வேண்டும். இவற்றில் கடைசி நிபந்தனையைப் பலர் சில்லறை விவரமாகப் படித்துவிட்டுப் போவார்கள். எனக்கு அதுதான் முதலிடத்துக்குரியது. காற்று உலவாமல் முழுக் கன்டெய்னரும் ஒரே குவியலாக அடைந்திருந்தால், 2.4 மீட்டர் அகலமும் ஏறத்தாழ அதே உயரமும் உள்ள அந்தக் குவியலின் நடுவிலுள்ள சூடு பாதியாகத் தணிய, முன் சொன்ன தானிய எண்ணையே வைத்துக் கணக்கிட்டால், ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இது உள்ளே புதிதாக வெப்பம் எதுவும் உண்டாகவில்லை என்று வைத்துப் போட்ட கணக்கு! தொழிற்சாலையில் உலர்த்திய தூளைச் சூடு ஆறுமுன் அடைத்து அனுப்பினால், கப்பல் மறுகரை சேரும்வரை அந்தச் சூடு உள்ளேயே இருக்கும். தொட்டி குளிர்ந்திருந்தாலும் இருக்கும். கன்டெய்னரின் கதவை மூடும் நாளில் தூளின் நடுவில் வெப்பநிலை எவ்வளவு என்று அளந்து, அந்த எண்ணைச் சரக்குப் பத்திரத்தில் எழுதச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு ஒரு வெப்பமானியும் ஐந்து நிமிடமும் போதும்.